ரிசீவர் - மிகைப்பி இணைப்பில் ஒலிக்குறைபாடுகள்

வீட்டு ஒலியமைப்பில் ரிசீவர் எனப்படும் கருவியுடன் தனியான ஒரு திறன் மிகைப்பியை இணைக்கும்போது தோன்றும் ரீங்காரம், கரகரப்பு, மெலிந்த ஒலி, மந்தமான ஒலி முதலியவை ரிசீவர் - மிகைப்பி இணைப்பில் ஏற்படும் ஒலிக்குறைபாடுகள் ஆகும். இரு கருவிகளும் தனித்தனியே நன்றாக இயங்கிக்கொண்டிருக்க, இணைத்த பின்னரே குறை தோன்றுவது இவற்றின் இயல்பு. ஆகவே காரணம் பெரும்பாலும் கருவிகளுக்குள் இருப்பதில்லை. தவறான வெளியீட்டு முனை, பொருந்தாத மின்னழுத்த அளவு, புவியிணைப்பு ஆகிய மூன்றில் ஒன்றிலேயே இருக்கும். குறையின் தன்மையைக் காதால் கேட்டே காரணத்தைப் பெரும்பாலும் கண்டறிய முடியும்.

பெயர்களும் அமைப்பும்

வானொலி ஏற்பி, முன் மிகைப்பி, திறன் மிகைப்பி ஆகிய மூன்றையும் ஒரே பெட்டியில் கொண்ட கருவி ரிசீவர் ஆகும். திரையரங்க ஒலியை வீட்டில் தரும் ரிசீவர்களில் பல்தட ஒலியைப் பிரிக்கும் எண்ணிம சுற்றுகளும் எச்.டி.எம்.ஐ இணைப்புகளும் கூடுதலாக உண்டு. ரிசீவரினுள் உள்ள திறன் மிகைப்பி போதாதபோது, அதாவது கூடம் பெரிதாகவோ ஒலிபெருக்கியின் மின்மறுப்பு 4 ஓம் அளவுக்குத் தாழ்வாகவோ இருக்கும்போது, வெளியில் ஒரு திறன் மிகைப்பி சேர்க்கப்படுகிறது.

பேச்சு வழக்கில் ஒலிபெருக்கி என்னும் சொல் ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபையரையும் குறிக்கப் பயன்படுகிறது. இக்கட்டுரையில் ஒலிபெருக்கி என்பது ஸ்பீக்கரையும், மிகைப்பி என்பது ஆம்ப்ளிஃபையரையும் மட்டுமே குறிக்கும்.

மூன்று மின்னழுத்த அளவுகள்

ஒலிக் குறிகைகள் ஒரு வீட்டு அமைப்பில் மூன்று வேறுபட்ட அளவுகளில் பயணிக்கின்றன. இசைத்தட்டுக் கருவியின் காந்த ஊசியிலிருந்து வருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் மட்டுமே. ரிசீவர், குறுந்தட்டு இயக்கி போன்ற கருவிகளுக்கு இடையே செல்வது வரி அளவு எனப்படும்; வீட்டுக் கருவிகளில் இதன் பெயரளவு மதிப்பு 0.316 வோல்ட், குறுந்தட்டு இயக்கிகளின் உச்ச வெளியீடு ஏறத்தாழ 2 வோல்ட். ஒலிபெருக்கிக்குச் செல்லும் குறிகையோ இவற்றைவிட மிகப் பெரியது. 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 100 வாட் தர 28.3 வோல்ட் தேவை. இந்த மூன்றில் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் செருகுவதே, செருகியின் வடிவம் ஒன்றாக இருப்பதால், மிக எளிதாக நிகழும் பிழை. ஆர்.சி.ஏ நிறுவனம் 1930களில் வானொலி - கிராமபோன் பெட்டிகளின் உள்ளிணைப்புக்காக உருவாக்கிய சிறு செருகி இன்றும் இசைத்தட்டு உள்ளீட்டிலும் வரி அளவிலும் ஒரே வடிவத்தில் பயன்படுகிறது. செருகி பொருந்துவதால் குறிகையும் பொருந்தும் என்று கொள்ளக்கூடாது.

இசைத்தட்டு உள்ளீட்டில் வரி அளவுக் குறிகையைச் செருகினால் தடித்த தாழ்சுருதியும் கடும் உருக்குலைவும் கேட்கும். இதற்குக் காரணம் அந்த உள்ளீட்டிலுள்ள சமனாக்கச் சுற்று ஆகும். 1954இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிற்சங்கம் வகுத்த இச்சமனாக்கம் 1 கிலோஹெர்ட்ஸை அடிப்படையாகக் கொண்டு 20 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழ 19 டெசிபெல் உயர்த்தி, 20 கிலோஹெர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழ அதே அளவு தாழ்த்துகிறது. மாறாக, இசைத்தட்டுக் கருவியை நேராக வரி உள்ளீட்டில் செருகினால் ஒலி மிக மெலிதாக, தாழ்சுருதியின்றித் தகர ஓசை போலக் கேட்கும்.

எந்த முனையிலிருந்து எடுப்பது

திறன் மிகைப்பிக்கு உரிய வெளியீடு ரிசீவரின் பின்புறம் பிரீ அவுட் என்று குறிக்கப்பட்டிருக்கும். ஒலியளவுக் கட்டுப்பாட்டைக் கடந்து வருவதால், குமிழைத் திருப்பும்போது இதன் மின்னழுத்தம் மாறும். இதன் அருகிலேயே ரெக் அவுட் அல்லது டேப் அவுட் என்ற முனைகள் இருக்கலாம். ஒலிப்பதிவுக் கருவிக்கான இவை ஒலியளவுக் கட்டுப்பாட்டுக்கு முன்பே பிரிந்து வருபவை. குமிழ் எந்நிலையில் இருந்தாலும் முழு வரி அளவையும் தரும். சொந்த ஒலியளவுக் குமிழ் இல்லாத திறன் மிகைப்பியை இதில் இணைத்து மின்சாரம் தந்தால், முதல் நொடியிலேயே மிகைப்பி தன் முழுத்திறனில் ஒலிக்கும். உயர்சுருதி ஒலிபெருக்கிகள் எரிந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். புதிய இணைப்பை முதன்முதலில் இயக்கும்போது மிகைப்பியின் உள்ளீட்டுக் கட்டுப்பாட்டைச் சுழியத்தில் வைத்துத் தொடங்குவது நன்று.

இரண்டாம் அறைக்கான ஸோன் 2 வெளியீட்டில் இணைத்தவர்கள் சில மூலங்களில் மட்டும் ஒலியே வரவில்லை என்று காண்பர். பழைய ரிசீவர்கள் பலவற்றில் அந்த வெளியீடு ஒப்புமைக் குறிகைகளை மட்டுமே கடத்தும். ஒளியிழை வழியும் எச்.டி.எம்.ஐ வழியும் வருவன அதில் கேட்கா. இது பழுதன்று.

விலை குறைந்த ரிசீவர்களில் பிரீ அவுட் இருப்பதில்லை. அப்போது ஒலிபெருக்கி முனையிலிருந்து மின்தடைப் பகுப்பி வழியாகக் குறிகையை எடுக்கலாம். 10 கிலோஓம் தடையைத் தொடரிலும் 470 ஓம் தடையை மிகைப்பி உள்ளீட்டுக்கு இணையாகவும் வைத்தால் மின்னழுத்தம் ஏறத்தாழ 22இல் ஒரு பங்காகும், 28.3 வோல்ட் 1.27 வோல்ட் ஆகிவிடும். கால் வாட் தடைகளே போதும். ஆனால் ரிசீவரின் கறுப்பு முனை உண்மையில் புவி மின்னழுத்தத்தில் உள்ளதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். பாலச் சுற்று வகை மிகைப்பிகளில், குறிப்பாக டி வகுப்பு மிகைப்பிகள் பலவற்றில், சிவப்பு, கறுப்பு ஆகிய இரு முனைகளிலும் குறிகை இருக்கும். அத்தகைய கறுப்பு முனையை அடுத்த கருவியின் புவியுடன் சேர்ப்பது வெளியீட்டைக் குறுக்குச்சுற்றில் இடுவதற்குச் சமம். இத்தகைய ரிசீவர்களுக்கு மின்மாற்றி வைத்த மாற்றியே ஏற்றது.

ரீங்காரம்

வழக்கில் ஹம்மிங் எனப்படும் ரீங்காரமே இக்குறைபாடுகளில் மிகவும் பரவலானதும், மிகவும் தவறாகக் கையாளப்படுவதும் ஆகும். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்வழங்கல் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஆகும். ஆழ்ந்த, மழுங்கிய 50 ஹெர்ட்ஸ் ஒலி மின்மாற்றியின் காந்தப்புலத்தாலோ புவியிணைப்பு வளையத்தாலோ வருவது. சற்றுக் கூர்மையான 100 ஹெர்ட்ஸ் ஒலி, கருவியின் மின்வழங்கியில் உள்ள மின்தேக்கி முதுமையடைந்ததைக் காட்டலாம். தேனீ ரீங்கரிப்பது போன்ற கூரிய ஒலி விளக்கு மங்கலாக்கி, மின்னணு விசிறி ரெகுலேட்டர் ஆகியவற்றிலிருந்து வரும். விசிறியை நிறுத்தியதும் அது மறைந்தால் ஐயமே இல்லை. மின்தேக்கி வகை ரெகுலேட்டர்களில் இத்தொல்லை மிகக் குறைவு.

இரு கருவிகள் இரு வேறு வழிகளில் புவியிணைப்புப் பெற்று, அவற்றுக்கிடையே குறிகைக் கம்பிவடமும் இருந்தால் ஒரு மூடிய வளையம் உருவாகிறது. இதுவே புவியிணைப்பு வளையம். வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டம் கம்பிவடத்தின் வெளியுறை வழியாகவும் செல்கிறது. ஆர்.சி.ஏ இணைப்பில் அந்த உறையே குறிகையின் திரும்பு வழியும் ஆதலால், உறையின் மின்தடையில் விழும் மின்னழுத்தம் குறிகையோடு கூடிவிடுகிறது.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். உறையில் 1 மில்லியாம்பியர் ஓடுவதாகவும், உறையும் தொடுபுள்ளியும் சேர்ந்து 0.1 ஓம் தடை தருவதாகவும் கொள்வோம். விழும் மின்னழுத்தம் 0.1 மில்லிவோல்ட். 29 டெசிபெல் மிகைப்புக் கொண்ட திறன் மிகைப்பி அதை 2.8 மில்லிவோல்ட் ஆக்கும். 2.83 வோல்ட்டுக்கு 1 மீட்டர் தொலைவில் 90 டெசிபெல் தரும் ஒலிபெருக்கியில் இது 30 டெசிபெல் ஒலி. 50 ஹெர்ட்ஸில் மனிதச் செவியின் கேட்புத் தொடக்கம் ஏறத்தாழ 44 டெசிபெல் என்பதால் எதுவும் கேட்காது. அதே செருகியில் களிம்பு ஏறித் தடை 1 ஓம் ஆனால், ஒலி 20 டெசிபெல் உயர்ந்து 50 டெசிபெல் ஆகும். இரவின் அமைதியில் நன்றாகவே கேட்கும். கம்பிவடமும் கருவிகளும் மாறவில்லை, தொடுபுள்ளி மட்டுமே மாறியது. உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் பல மாதங்கள் நன்றாக இருந்த அமைப்பு திடீரென்று ரீங்கரிப்பதற்கு இது ஒரு விளக்கம். செருகியைக் கழற்றித் துடைத்துத் திருகிச் செருகுவது முதல் சிகிச்சையாக அமைய வேண்டும். விலையுயர்ந்த கம்பிவடம் தேவையில்லை. அது வளையத்தை உடைப்பதும் இல்லை.

ரிசீவருக்கு இரு முனை மின்செருகி மட்டுமே இருக்கும்போதும் வளையம் உருவாவது பலருக்கு வியப்பளிக்கிறது. கேபிள் தொலைக்காட்சியின் ஓரச்சுக் கம்பியின் உறை தெருவில் வேறோர் இடத்தில் புவியிணைப்புப் பெற்றிருக்கும். அது செட் டாப் பெட்டி வழியாகவும், எச்.டி.எம்.ஐ வழியாகவும் ரிசீவரை வந்தடைகிறது. ஓரச்சுக் கம்பியைக் கழற்றியதும் ரீங்காரம் நின்றால் காரணம் உறுதி. அதற்கெனவுள்ள தனிமைப்படுத்தும் மின்மாற்றியை ஓரச்சுக் கம்பியில் இடலாம். வரி அளவுக் கம்பிவடத்தில் ஒலி மின்மாற்றி இடுவதும் வளையத்தை உடைக்கும். ஆனால் மலிவான மின்மாற்றிகள் தாழ்சுருதியை உருக்குலைக்கும். மூலக்கருவிக்கும் ரிசீவருக்கும் இடையே ஒளியிழை இணைப்பு இருந்தால் அவ்வழியில் வளையமே இராது. இவ்வகை இணைப்பைத் தோஷிபா நிறுவனம் 1983இல் அறிமுகப்படுத்தியது.

தொழில்முறை மிகைப்பிகளில் உள்ள சமநிலை உள்ளீட்டுக்கு ஆர்.சி.ஏ வெளியீட்டிலிருந்து செல்லும்போது, இரு உட்கம்பிகள் கொண்ட உறையிட்ட கம்பிவடத்தைப் பயன்படுத்த வேண்டும். எக்ஸ்.எல்.ஆர் செருகியின் 2ஆம் முனை ஆர்.சி.ஏ நடுமுனைக்கும், 3ஆம் முனை ஆர்.சி.ஏ வெளிவளையத்துக்கும் செல்லும். உறையும் ரிசீவர் பக்கத்தில் அவ்வெளிவளையத்துடன் சேரும். மிகைப்பி பக்கத்தில் 1, 3 ஆகிய முனைகளைச் சேர்க்கக்கூடாது. உறையைக் கருவியின் கூட்டுடன் சேர்க்காமல் உட்சுற்றுடன் சேர்க்கும் வடிவமைப்புப் பிழையை நீல் மன்சி 1995இல் ஒலிப்பொறியியல் சங்கத்தின் இதழில் விரிவாக எடுத்துக்காட்டினார். 2005இல் அச்சங்கம் வெளியிட்ட ஏ.இ.எஸ்48 என்னும் செந்தரம் இதைப் பற்றியதே.

புவி முனையைத் துண்டித்தல்

மிகைப்பியின் மூன்று பின் பிளக்கில் உள்ள பெரிய பின்னைக் கழற்றிவிட்டால் ரீங்காரம் நின்றுவிடும். இதனாலேயே இம்முறை பரவியுள்ளது. ஆனால் இது உயிருக்கு ஆபத்தானது. அந்தப் பின், உலோகக் கூட்டில் 230 வோல்ட் பட்டால் உருகியை எரித்து மின்சாரத்தைத் துண்டிப்பதற்காக உள்ளது. அதை நீக்கிய பின் மின்மாற்றியின் காப்பு பழுதானால் மிகைப்பியின் கூடு மட்டுமன்றி, குறிகைக் கம்பிவடத்தின் உறை வழியாக ரிசீவர், தொலைக்காட்சி, ஒலிவாங்கி என இணைந்துள்ள எல்லாக் கருவிகளின் உலோகப் பகுதிகளும் மின்னேற்றம் பெறும். 30 மில்லியாம்பியரில் இயங்கும் கசிவு மின்னோட்டத் துண்டிப்பான் வீட்டில் இருந்தாலும் அது புவிப் பின்னுக்கு மாற்றாகாது. வளையத்தைக் குறிகைப் பக்கத்தில்தான் உடைக்க வேண்டும், மின்வழங்கல் பக்கத்தில் அன்று. இரு கருவிகளையும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து நீட்டிப்புப் பலகை மூலம் இயக்குவது, ஆபத்தின்றி வளையத்தைச் சிறிதாக்கும் எளிய வழி.

மெலிந்த ஒலியும் மந்தமான ஒலியும்

தாழ்சுருதி இல்லாத மெலிந்த ஒலிக்கு முதற்காரணம் ஓர் ஒலிபெருக்கியின் முனைகள் மாறியிருத்தல். ஒன்றின் கூம்பு முன்னே வரும்போது மற்றொன்று பின்னே செல்வதால் தாழ் அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழிக்கின்றன. இரு ஒலிபெருக்கிகளையும் நேரெதிரே நெருக்கி வைத்துக் கேட்டால் இது உடனே புலப்படும். அடுத்த காரணம் ரிசீவரின் பட்டியல் அமைப்பில் உள்ளது. ஒலிபெருக்கி சிறியது என்று குறிக்கப்பட்டிருந்தால் ரிசீவர் 80 ஹெர்ட்ஸ் அளவுக்குக் கீழுள்ளவற்றைத் தாழ்சுருதிப் பெட்டிக்கு அனுப்பிவிடும். பிரீ அவுட்டிலும் அவை வாரா. தாழ்சுருதிப் பெட்டி இல்லாத வீட்டில் அவ்வொலிகள் எங்கும் கேட்கா.

மந்தமான ஒலி மின்மறுப்புப் பொருத்தமின்மையால் வரும். மிகைப்பியின் உள்ளீட்டு மின்மறுப்பு, ரிசீவரின் வெளியீட்டு மின்மறுப்பைப்போல் குறைந்தது பத்து மடங்கு இருக்கவேண்டும். சில நூறு ஓம் வெளியீடும் 10 முதல் 47 கிலோஓம் வரையிலான உள்ளீடும் கொண்ட கருவிகளில் சிக்கல் இல்லை. ஆனால் இடையில் மிகைப்பற்ற ஒலியளவுக் குமிழ்ப் பெட்டி ஒன்றை வைத்து, அதன் வெளியீட்டு மின்மறுப்பு 10 கிலோஓம் ஆகி, அதன்பின் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் கொண்ட கம்பிவடம் 10 மீட்டர் ஓடினால், 16 கிலோஹெர்ட்ஸ் அருகிலேயே ஒலி 3 டெசிபெல் குறைந்துவிடும். பெட்டியை மிகைப்பியின் அருகே வைத்துக் கம்பிவடத்தை ஒரு மீட்டராக்கினால் அவ்வெல்லை 160 கிலோஹெர்ட்ஸுக்குச் சென்றுவிடுகிறது.

இரைச்சலும் உருக்குலைவும்

தொழில்முறைக் கருவிகளின் பெயரளவு வரி அளவு 1.23 வோல்ட். இது வீட்டு அளவைவிட ஏறத்தாழ 12 டெசிபெல் உயர்வு. ஆதலால் அத்தகைய மிகைப்பியை வீட்டு ரிசீவருடன் இணைக்கும்போது ஒலி குறைவாகத் தோன்றும். அதை ஈடுசெய்ய ரிசீவரை உச்சத்துக்குத் திருப்பினால் அதன் வெளியீட்டு நிலையே முகடு வெட்டும். எதிர்நிலையில், மிகைப்பியின் உள்ளீட்டுக் குமிழை முழுதும் திறந்து ரிசீவரைத் தாழ்வாக வைத்தால் சீறும் இரைச்சல் மிகும்.

தமிழ்நாட்டில் மைக் செட் என்று வழங்கும் பொதுக்கூட்ட மிகைப்பிகளை வீட்டில் பயன்படுத்துவோர் வெளியீட்டு முனைகளைக் கவனிக்க வேண்டும். 4, 8, 16 ஓம் முனைகளுடன் நீண்ட தொலைவுக் கம்பிகளுக்கான 100 வோல்ட் முனையும் அவற்றில் உண்டு. 100 வாட் மிகைப்பியில் அம்முனை எதிர்பார்க்கும் சுமை 100 ஓம். 8 ஓம் ஒலிபெருக்கியை அங்கே இணைத்தால் ஒலி உருக்குலைவதோடு மிகைப்பியும் கெடக்கூடும்.

குறை காணும் முறை

மிகைப்பியிலிருந்து பின்னோக்கிச் செல்வதே விரைவான முறை. எல்லாக் கருவிகளையும் அணைத்த பிறகே ஒவ்வொரு இணைப்பையும் மாற்ற வேண்டும். முதலில் மிகைப்பியின் உள்ளீட்டுக் கம்பிவடத்தைக் கழற்றி, நடுமுனையும் வெளிவளையமும் இணைந்த குறுக்குச் செருகியை இடுக. ரீங்காரம் தொடர்ந்தால் குறை மிகைப்பியில் உள்ளது. நின்றுவிட்டால் கம்பிவடத்தை மீண்டும் இணைத்து, ரிசீவரிலிருந்து மூலக்கருவிகள், தொலைக்காட்சி, ஓரச்சுக் கம்பி ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுக. எதைக் கழற்றியதும் ஒலி தூய்மையாகிறதோ, வளையம் அதன் வழியே செல்கிறது. குறை ஒரு பக்க ஒலிபெருக்கியில் மட்டும் இருந்தால் இட, வலச் செருகிகளை மிகைப்பியில் மாற்றிச் செருகிப் பார்க்கலாம். குறை பக்கம் மாறினால் காரணம் கம்பிவடத்திலோ ரிசீவரிலோ உள்ளது; மாறாவிட்டால் மிகைப்பியிலோ ஒலிபெருக்கியிலோ உள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

மிகைப்பி
மின்மறுப்பு
புவியிணைப்பு
டெசிபெல்
ஆர்.சி.ஏ செருகி