உரிச்சொல்லும் அட்ஜெக்டிவும்

சில ஆண்டுகளுக்கு முன்பு முதலாமாண்டு மாணவி ஒருத்தியின் விடைத்தாளைத் திருத்திக் கொண்டிருந்தேன். 'நல்ல' என்ற சொல்லுக்கு இலக்கணக் குறிப்புக் கேட்டிருந்தேன். 'உரிச்சொல்' என்று எழுதியிருந்தாள். தயங்காமல் சிவப்பு மையால் அடித்தேன். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையில் இருக்கும் திருவரங்குளத்திலிருந்து பேருந்தில் வந்து படிக்கும் பெண் அவள். மறுநாள் ஆங்கில இலக்கண வழிகாட்டி ஒன்றுடன் என் முன் வந்து நின்றாள்.

"ஐயா, இதுல அட்ஜெக்டிவ்னா பெயருரிச்சொல்னு போட்டிருக்கு. 'குட்' அட்ஜெக்டிவ். அப்ப 'நல்ல' உரிச்சொல் இல்லையா?"

தமிழ் மரபில் 'நல்ல' என்பது குறிப்புப் பெயரெச்சம். உரிச்சொல் என்றால் நனி, தவ, கூர் போன்ற, பெரிதும் செய்யுளுக்கு உரிய சொற்கள். விடை எளிதுதான். ஆனால் அவளுடைய தருக்கத்தில் பிழை எங்கே? பிழை அவளுடையதன்று என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. அது சில நூற்றாண்டுப் பழமையுடைய பிழை.

தொல்காப்பியர் பெயரையும் வினையையும் முதன்மையாக வைத்து, இடையையும் உரியையும் அவற்றைச் சார்ந்தவையாகக் கொண்டார். கிரேக்கத்தில் பிளேட்டோவும் பெயர், வினை என்ற இரண்டிலிருந்தே தொடங்கினார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டினரான டயோனிசியஸ் திராக்ஸின் பெயரால் வழங்கும் இலக்கணம் அதை எட்டாக விரித்தது. அந்த எட்டில் அட்ஜெக்டிவ் இல்லை. அது பெயருக்குள் அடங்கியிருந்தது. இலத்தீனில் 'ஆர்ட்டிக்கிள்' கிடையாது. ஆகவே இலத்தீன் இலக்கணிகள் அதை நீக்கிவிட்டு வியப்பிடைச் சொல்லைச் சேர்த்து எட்டை எட்டாகவே காப்பாற்றினர். ஆங்கிலத்துக்கு 1586இல் வில்லியம் புல்லோக்கர் முதல் இலக்கண நூலை எழுதியபோதும் இலத்தீன் சட்டமே முன்மாதிரி. 1795இல் லிண்ட்லி மர்ரே எழுதிய புகழ்பெற்ற பாடநூலில் சொல்வகை ஒன்பது. அட்ஜெக்டிவுக்கு அங்கே தனி இடம் உண்டு. நம் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் எட்டு என்ற எண் இயற்கை விதியன்று என்பதற்கு இதுவே போதும்.

இந்தச் சட்டம் ஆங்கிலத்துக்கு முன்பே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றீக்கே அன்றீக்கசு 1549 அளவில் போர்த்துகீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். சீகன்பால்குவின் இலத்தீன் வழித் தமிழ் இலக்கணம் 1716இல் செருமனியின் ஹாலே நகரில் அச்சேறியது. தமிழ் கற்க வந்த ஐரோப்பியருக்கு அவர்கள் அறிந்த சட்டத்திலேயே தமிழைப் பொருத்திக் காட்டினார்கள்; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வீரமாமுனிவர் இருவழியும் அறிந்தவர். ஐரோப்பியருக்காகப் பேச்சுத் தமிழின் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. தமிழில் அவர் எழுதிய தொன்னூல் விளக்கமோ எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்ற நம் ஐந்திலக்கண அமைப்பில் நடக்கிறது. எந்தச் சட்டம் யாருக்கு என்று அவர் குழம்பவில்லை.

குழப்பம், திசை மாறியபோது வந்தது. புதுக்கோட்டை மன்னர் கல்லூரி 1880இல் கல்லூரியாக உயர்ந்த காலத்தில் தமிழ்நாடு முழுவதும் நம் பிள்ளைகள் ஆங்கிலம் கற்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு ஆங்கில இலக்கணத்தைத் தமிழில் விளக்க வேண்டியிருந்தது. புதிய கருத்துக்குப் பழைய பெயரைச் சூட்டினால் எளிதில் விளங்கும் என்று எண்ணியிருக்க வேண்டும். அட்ஜெக்டிவ் பெயருரிச்சொல் ஆயிற்று. அட்வெர்ப் வினையுரிச்சொல் ஆயிற்று. பெயரடை, வினையடை என்ற தனிச்சொற்கள் இன்று இருந்தும் பழைய பெயர்கள் வழிகாட்டிகளை விட்டு நீங்கவில்லை. ஒரே பெயர், இரு வகுப்பறை, இரு பொருள். நடுவில் நிற்பவர் மாணவர்.

வாக்கிய வகையிலும் இதே கதைதான். ஆங்கிலப் பாடத்தில் வினா வாக்கியம் ஒரு வகை. நன்னூலில் வினா ஆறு, விடை எட்டு. கடைக்காரரிடம் "பருப்பு இருக்கிறதா?" என்பது கொளல் வினா. இல்லாதவரிடம் "உனக்குச் சட்டை இருக்கிறதா?" என்று கொடுக்கும் எண்ணத்தோடு கேட்பது கொடை வினா. வாக்கிய அமைப்பு ஒன்றே, உள்ளம் வேறு. ஆங்கில இலக்கணம் அமைப்பைப் பார்க்கிறது, நன்னூல் கேட்பவரின் நோக்கத்தைப் பார்க்கிறது. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று பேசுவது வீண். இரண்டும் இருவேறு கேள்விகளுக்கான விடைகள்.

இப்போதெல்லாம் கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டுத்தான் சொல்லிலக்கணம் தொடங்குகிறேன். இடப்பக்கம் நம் நான்கு. வலப்பக்கம் அவர்களுடைய எட்டு. எது எதனோடு பொருந்தாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

அந்த மாணவிக்கு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். விடைத்தாளில் நான் கேட்டது அறிவினா. அவள் கேட்டதை அறியா வினா என்றுதான் அன்று நினைத்தேன். அறியாதிருந்தவன் நான்.