சம்பளம் மன்னருடையது, சட்டம் யாருடையது? 19ஆம் நூற்றாண்டுத் திருவனந்தபுரத்து ஆங்கிலேயர்

அயல்நாட்டில் குடியிருக்கும் ஆங்கிலேயர் என்றவுடன் இன்று நினைவுக்கு வருபவை ஸ்பெயினின் கடற்கரை ஊர்கள். அங்கே அவர்கள் வேறோர் அரசின் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடியேறிகள். பிரித்தானியா 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பின்னர், அவர்களுடைய வசிப்புரிமைக்கே அந்நாட்டு அலுவலகங்களின் அனுமதி தேவைப்படுகிறது. காலனிய இந்தியாவின் ஆங்கிலேயரோ ஆள்வோர். இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்டதொரு வாழ்வு 19ஆம் நூற்றாண்டுத் திருவனந்தபுரத்தில் இருந்தது. அங்கிருந்த ஆங்கிலேயரில் பலர் இந்திய மன்னர் ஒருவரிடம் சம்பளம் பெற்ற ஊழியர்கள். அவர்களை வெறும் ஆட்சியாளர்களாகவோ வெறும் ஊழியர்களாகவோ கொண்டால் அவ்வாழ்வின் சிக்கல் புலப்படாது.

1795, 1805 ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் திருவிதாங்கூர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதுகாப்புக்கு உட்பட்டது. இரண்டாம் ஒப்பந்தப்படி ஆண்டுக் கப்பம் 8 லட்சம் ரூபாயாயிற்று. ஆட்சி மன்னர் பெயரில் நடந்தது. கம்பெனியின் சார்பில் ரெசிடென்ட் மேற்பார்த்தார். சர்க்கார் நவீனத் துறைகளைத் தொடங்கியபோது பொறியாளர், ஆசிரியர், வானியலாளர் எனப் பல பதவிகளுக்கு ஆங்கிலேயர் அமர்த்தப்பட்டனர்.

நகரின் அமைப்பே அவர்களுடைய இடத்தை வரையறுத்தது. பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த கோட்டைப் பகுதி அரண்மனைக்கும் அக்கிரகாரங்களுக்கும் உரியது. ஐரோப்பியரின் வாழ்வு பெரும்பாலும் அதற்கு வெளியே, பாளையத்திலும் தைக்காட்டிலும் சுற்றியிருந்த குன்றுகளிலும் அமைந்தது. ரெசிடென்ஸி தைக்காட்டில் இருந்தது. நாயர் படைக்கு ஆங்கில அதிகாரிகள் தலைமை தாங்கினர். லண்டன் மிஷன் சங்கம் 1838இல் நகரில் பணியைத் தொடங்கியது. பாளையத்துக் கிறிஸ்து ஆலயம் 1859இல் எழுந்தது. அகஸ்டா பிளாண்ட்ஃபோர்டு அம்மையார் 1864இல் கோட்டைக்குள்ளேயே பெண்கள் பள்ளியொன்றைத் தொடங்கினார். அதற்கு அரசின் அனுமதியும் திவான் மாதவ ராவின் ஆதரவும் தேவைப்பட்டன. எங்கே குடியிருக்கலாம், எங்கே நுழையலாம் என்பது ஆங்கிலேயரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததாக இருக்கவில்லை.

மன்னரின் ஊழியராக வாழ்ந்தவர்களுக்குச் சிறந்த சான்று ஜான் கால்டிகாட். ஆலப்புழையில் சர்க்காரின் வணிக முகவராக இருந்த இவர், சுவாதித் திருநாள் நிறுவிய வானாய்வு நிலையத்தின் இயக்குநராக 1837இல் பொறுப்பேற்றார். மன்னரின் செலவில் ஐரோப்பாவிலிருந்து கருவிகள் தருவிக்கப்பட்டன. 1849இல் அவர் மறைந்தபின், 1852இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் ஆலன் பிரௌன் வந்தார். 1865 வரை பணியாற்றினார். அருங்காட்சியகமும் பூங்காவும் உருவானதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. புவிக்காந்த அளவுகளில் ஏறத்தாழ 26 நாள் சுழற்சி ஒன்று இருப்பதையும், அது சூரியனின் சுழற்சியோடு தொடர்புடையது என்பதையும் எடுத்துக்காட்டியவர்களுள் அவரும் ஒருவர். இலண்டனில் 1874இல் வெளியான அவரது பெருநூலுக்கு அடித்தளம் திருவிதாங்கூர்க் கருவூலத்தின் பணம்.

அடித்தளம் பணம் மட்டுமன்று. இரவும் பகலும் மணிக்கொரு முறை கருவிகளைப் பார்த்து அளவுகளைக் குறித்தவர்கள் உள்ளூர் உதவியாளர்கள். 1855இல் 6,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் அகத்தியமலைச் சிகரத்தின்மீது பிரௌன் இன்னொரு நிலையம் அமைத்தபோது, காட்டையும் குளிரையும் தாங்கி அங்கே தங்கியவர்களும் அவர்களே. ஐரோப்பிய வீடுகளும் அலுவலகங்களும் இத்தகைய உழைப்பையே நம்பியிருந்தன. தைக்காட்டு ரெசிடென்ஸியின் அன்றாட நிர்வாகத்தை 1873 முதல் கவனித்தவர் செங்கற்பட்டுப் பகுதியிலிருந்து வந்த சுப்பராயர் என்ற தமிழர். சட்டம்பி சுவாமிகளுக்கும் நாராயண குருவுக்கும் யோகம் கற்பித்த தைக்காடு அய்யாவு சுவாமிகள் என்று கேரளம் அறிவது இவரைத்தான்.

ஆங்கிலேயர் அனைவரும் ஒரே நோக்குடையவர்களாகவும் இல்லை. 1840 முதல் 1860 வரை ரெசிடென்டாக இருந்த ஜெனரல் வில்லியம் கல்லன் அறிவியல் ஆர்வலர். வானிலையையும் நிலவியலையும் ஆராய்ந்தவர். அவரது தலையீடுகள் சுவாதித் திருநாளின் இறுதி ஆண்டுகளைக் கசப்பாக்கின. அதே கல்லன் உயர்சாதியினரின் பக்கம் சாய்கிறார் என்று மிஷனரிகள் குற்றம்சாட்டினர். நாடார் பெண்களின் மேலாடை உரிமைப் போராட்டம் முற்றி, 1859இல் மன்னரின் அறிவிப்பு வெளிவந்த காலம் அது. மன்னரின் ஊழியர், கம்பெனியின் பிரதிநிதி, மிஷனரி ஆகிய மூவருக்கும் மொழியும் நாடும் ஒன்றாயினும் நலன்கள் வேறு.

இந்த இரட்டை நிலையைச் சோதித்த வழக்கு 1868இல் வந்தது. கால்டிகாட் ஒருகாலத்தில் வகித்த அதே ஆலப்புழை வணிக முகவர் பதவியில் அப்போது ஜான் லிடெல் இருந்தார். அவர் சர்க்கார் பணத்தைக் கையாடினார் என்று குற்றம்சாட்டப்பட்டது. திருவனந்தபுரத்தில் தனி நீதிமன்றம் அமைத்து விசாரித்த சர்க்கார், அவருக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பிரித்தானியக் குடிமகன் ஒருவரை இந்திய மன்னரின் நீதிமன்றம் தண்டிக்கலாமா என்ற கேள்வி உடனே எழுந்தது. சென்னை அரசு ஆட்சேபித்தது. மாதவ ராவ் வாதத்தைச் சட்டத்தின் தளத்திலேயே நடத்தினார். தன் எல்லைக்குள் நிகழும் குற்றத்தை விசாரிப்பது ஓர் அரசின் இயல்பான உரிமை. அவ்வுரிமையைத் திருவிதாங்கூர் எந்த ஒப்பந்தத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதே அதன் சாரம். சென்னை அரசு தன் ஆட்சேபத்திலிருந்து பின்வாங்கியது.

ஆனால் வெற்றி முழுமையானதன்று. ஐரோப்பிய பிரித்தானியக் குடிமக்களை மன்னர் நியமிக்கும் நீதிபதியே விசாரிக்கலாம். அந்நீதிபதி ஐரோப்பிய பிரித்தானியராகவே இருத்தல் வேண்டும் என்ற ஏற்பாடு பின்னர் நிலைபெற்றது. நியமன அதிகாரம் மன்னரிடம் நின்றது. நீதிபதியின் இனத்தைப் பேரரசு முடிவு செய்தது. மன்னரிடம் சம்பளம் வாங்கிய ஆங்கிலேயர் அவருடைய குடிகளோடு ஒரே நீதிபதியின் முன் நிற்க வேண்டியதில்லை. இன்றைய ஸ்பெயினில் குடியிருக்கும் ஆங்கிலேயருக்கு இத்தகைய தனி நீதிபதி இல்லை. குடியேறியையும் காலனியாளரையும் பிரித்தறிய வருமானம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதைவிட, எந்த நீதிமன்றத்தின் முன் நின்றார் என்று கேட்பதே பொருத்தமான அளவுகோல் என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

எனினும் சட்டத்தின் ஏற்றத்தாழ்வு மனித உறவுகள் முழுவதையும் விளக்கிவிடாது. மகாராஜா கல்லூரியின் தத்துவப் பேராசிரியர் ராபர்ட் ஹார்வியும் சர்க்காரின் ஊழியரே. ஆலப்புழையில் பிறந்த பெ. சுந்தரம் பிள்ளை அவரைத் தம் ஆசானாகக் கொண்டார். 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்தை அவருக்கே உரிமையாக்கினார். பேரூர்க்கடையில் தாம் அமைத்த இல்லத்துக்கு ‘ஹார்விபுரம்’ என்று பெயரிட்டார். ஹஜூர் கச்சேரியைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வில்லியம் பார்ட்டனின் பெயர் பார்ட்டன் ஹில் என்ற குன்றில் நிலைத்திருக்கிறது. ஹார்வியின் பெயரோ ஒரு மாணவரின் நன்றியால் தமிழிலக்கிய வரலாற்றில் நிற்கிறது.

திருவிதாங்கூரின் நவீனமயமாக்கத்தை ஆங்கிலேயரின் கொடை என்று எழுதுவது ஒரு வழக்கம். அதைப் பேரரசின் சூழ்ச்சியாக மட்டும் எழுதுவது மற்றொரு வழக்கம். சம்பளம் கொடுத்த கருவூலம், இரவில் விழித்திருந்து அளவெடுத்த உதவியாளர்கள், ஆங்கிலேயருக்கென ஒதுக்கப்பட்ட நீதிபதி ஆகிய மூன்றையும் ஒருசேர வைத்துப் படித்தால் இரண்டுமே போதாதவை என்பது விளங்கும்.