ஓட்டிசமும் கட்டிளமைப் பருவமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நிலைமைக்கு இடப்படும் பெயர் அதனை நோக்கும் பார்வையையும் பெரிதும் வரையறுத்துவிடுகின்றது. ஓட்டிசத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். நாற்பதாண்டுகளுக்கு மேலாக அது குழந்தைகளுக்குரிய நிலைமையாகவே பெரும்பாலும் எண்ணப்பட்டு வந்தது. குழந்தை வளர்ந்து கட்டிளமைப் பருவத்தை அடையும் என்னும் எளிய உண்மை மருத்துவ நூல்களிலும் கல்விச் சட்டங்களிலும் காலந்தாழ்த்தியே இடம்பெற்றது. அத்தாமதத்தின் வரலாற்றையும், கண்டிப் பிரதேசத் தமிழ் மாணவரைப் பொறுத்தவரை அது உணர்த்துவதையும் இக்கட்டுரை ஆராய முயல்கின்றது.

கிரேக்க மொழியில் 'தான்' எனப் பொருள்படும் சொல்லின் அடியாகப் பிறந்தது ஓட்டிசம் என்னும் பெயர். சுவிற்சர்லாந்து உளமருத்துவரான புளொய்லர் 1911 இல் உளப்பிளவு நோயாளர் தம்முள் ஒடுங்கும் தன்மையைக் குறிக்க இதனை ஆண்டார். 1943 இல் அமெரிக்காவின் போல்ரிமோர் நகரில் லியோ கனர், எட்டுச் சிறுவரையும் மூன்று சிறுமியரையும் அவதானித்து, அது தனியானதொரு நிலைமை என நிறுவினார். அடுத்த ஆண்டில் வியன்னாவில் அஸ்பேர்கர் அதனையொத்த சிறுவரை விவரித்தார். தாயின் பரிவின்மையே இதற்குக் காரணம் என்ற கொள்கை பின்னர் பரவிப் பல குடும்பங்களை வருத்திற்று. 1964 இல் றிம்லண்ட் அதனை மறுத்தெழுதினார். 1977 இல் வெளிவந்த போல்ஸ்ரீன், றட்டர் ஆகியோரின் இரட்டையர் ஆய்வு பரம்பரையின் பங்கைப் புலப்படுத்திற்று. தமிழில் வழங்கும் 'மதியிறுக்கம்' என்ற சொல் அறிவே இறுகிவிட்டது என்னும் மயக்கத்தைத் தரக்கூடியதாகையால், ஈண்டு ஓட்டிசம் என்பதே ஆளப்படுகின்றது.

இனி வயது பற்றிய வரலாற்றை நோக்குவோம். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூல் 1980 இல் இதனைக் 'குழந்தைப் பருவ ஓட்டிசம்' என்றே பெயரிட்டது. 1987 ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பிலேயே அவ்வடைமொழி நீங்கிற்று. இடையில், 1981 இல் லோர்னா விங் எழுதிய கட்டுரை, சிறுவரோடு வளர்ந்தோரையும் எடுத்துக்காட்டி, பேச்சாற்றல் உள்ளோரிடத்தும் இந்நிலைமை உண்டென உணர்த்திற்று. 2013 இல் அது பல படிநிலைகளைக் கொண்ட ஒரே நிறமாலையாக வகுக்கப்பட்டது. நூல்கள் தாமதித்த காலத்தில் நடைமுறை முந்திக்கொண்டதும் உண்டு. பிரித்தானியாவில் ஓட்டிசச் சிறுவருக்கெனப் பாடசாலை அமைத்த சிபில் எல்கார், மாணவர் வளர்ந்துவிட்டதைக் கண்டு, வளர்ந்தோர்க்கான சோமசெற் கோர்ட் இல்லம் 1974 இல் உருவாக வழிகோலினார்.

கனர் கண்ட முதற் சிறுவனான டொனால்ட் ட்றிப்லெற்றின் வாழ்க்கை இவ்விடத்துச் சிறப்பாக நோக்கத்தக்கது. அளப்பதிலும் எண்ணுவதிலும் ஓயாத நாட்டமுடைய அவன், மிசிசிப்பி மாநிலத்து விவசாயத் தம்பதியரிடம் ஒப்படைக்கப்பட்டான். அவர்கள் அந்நாட்டத்தைத் தடுக்க முயலவில்லை. கிணறு தோண்டி அதன் ஆழத்தை அளந்து கூறுமாறும், சோளப் பயிர் வரிசைகளை உழுதபடியே எண்ணுமாறும் பணித்தனர். அவன் சென்ற கிராமப் பாடசாலையும் அவனது தனித்தன்மைகளை ஏற்றுக்கொண்டது. அவர் 1958 இல் பட்டம் பெற்று, வங்கியிற் பணியாற்றி, 2023 இல் மறைந்தார். மாறாக, அரசாங்க மனநோய் நிலையங்களில் விடப்பட்டோர் பெரிதும் நலிவுற்றிருந்ததை, தாம் முன்பு கண்ட பதினொருவரையும் பற்றி 1971 இல் மீள எழுதியபோது கனர் பதிவுசெய்தார். இயல்புகளால் மட்டுமன்றிச் சூழலாலும் வாழ்க்கை வேறுபடும் என்பது இதனாற் பெறப்படும்.

இலங்கை வரலாற்றிலும் இத்தாமதம் காணப்படுகின்றது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமை காரணமாகக் கல்வி நிறுவனங்களில் அனுமதி மறுக்கப்படுதலைத் தடுத்தது. ஆயினும் 1997 இல் விதிக்கப்பட்ட கட்டாயக் கல்வி ஐந்து முதல் பதினான்கு வயது வரைக்குமே உரியதாயிருந்தது. 2016 இலேயே அது பதினாறாக உயர்த்தப்பட்டது. ஓட்டிசம் நம் நாட்டில் 93 பேருக்கு ஒருவரிடம் உண்டெனக் காட்டிய, 2009 இல் வெளிவந்த ஆய்வும் பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதக் குழந்தைகளையே ஆராய்ந்தது. அக்குழந்தைகள் இன்று கட்டிளமைப் பருவத்தைக் கடந்துவிட்டனர்.

கண்டி நகரிலும் சூழவுள்ள தோட்டங்களிலும் தமிழ்மொழி மூலம் பயில்வோரிடையேயும் இத்தகையோர் இருப்பர். அவர்களை நாம் அடக்கமற்றவர், கர்வமுடையவர், சோம்பேறிகள் என்றெல்லாம் தவறாக எண்ணியிருக்கக்கூடும். 'கம்பி நீட்டினான்' என்ற தொடரை ஒரு மாணவன் சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டு திகைப்பின், அது குறும்புமன்று, மொழியறிவின்மையுமன்று. எசல பெரஹராவின் சாட்டையொலியும் முரசொலியும் ஒருவனை அந்தத் தாளத்திலே ஆழ்த்தலாம். இன்னொருவனுக்குத் தாங்கொணா வேதனையாகலாம். புலனுணர்வு சார்ந்த இவ்வேறுபாடு 2013 ஆம் ஆண்டு வகுப்பில் ஓர் அடையாளமாகவே சேர்க்கப்பட்டுள்ளது. உடல் மாற்றமும் பரீட்சை நெருக்கடியும் ஒத்த வயதினரின் கேலியும் ஒருங்கே வந்து சேரும் பருவம் இதுவாதலால், தெளிவான நேரசூசி, மாற்றங்களை முன்கூட்டி அறிவித்தல், எழுத்துமூலக் கட்டளை, ஒதுங்கியிருக்க ஓர் அமைதியான இடம், பருவ மாற்றம் பற்றிய நேரடி விளக்கம் ஆகியன பெருந்துணையாகும். இவற்றுட் பெரும்பாலானவை பொருட்செலவின்றி இயல்வன.

கலைப் பீடத்தினின்று ஆண்டுதோறும் வெளியேறுவோருட் பலர் ஆசிரியராகவே செல்கின்றனர். தமிழ்மொழி வகுப்பறையில் இம்மாணவரை முதலில் எதிர்கொள்வோர் மருத்துவராக அன்றி அவர்களாகவே இருப்பர். அளக்க விரும்பியவனுக்கு ஒரு கிணற்றைக் காட்டிய அவ்விவசாயத் தம்பதியர் உளவியல் கற்றவரல்லர். அவர்கள் அச்சிறுவனைக் கூர்ந்து நோக்கினர். அவனுக்கு ஏற்ற வேலையை அளித்தனர். அவ்வளவேனும் செய்தல் நம் தலைமுறை ஆசிரியரின் கடனாகும்.