உறக்கத்தில் இதயமும் மூச்சும்: ஆளுக்கு ஆள் வேறுபடுவது ஏன்?

பேசின் பிரிட்ஜ் பகுதியில் இரவு எல்லோருக்கும் உறங்கும் நேரம் அல்ல. ரயில் பெட்டிப் பராமரிப்புப் பணிமனையில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களும், துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுபவர்களும் பகலில்தான் கண்ணயர்கிறார்கள். அதே வீட்டில் கைக்குழந்தையும் கர்ப்பிணியும் சர்க்கரை நோயுள்ள பெரியவரும் இருக்கலாம். இவர்கள் ஒவ்வொருவரின் இதயமும் மூச்சும் உறக்கத்தில் ஒவ்வொரு விதமாக இயங்குகின்றன. எது இயல்பு, எது ஆபத்து என்று தெரிந்திருந்தால் வீண் பயம் குறையும். கவனிக்க வேண்டியதும் தப்பாது.

உறக்கத்தில் நடப்பது என்ன?

ஆழ்ந்த உறக்கத்தில் இதயத் துடிப்பு குறைகிறது, மூச்சு சீராகிறது. இரத்த அழுத்தமும் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் வரை இறங்குகிறது. சுமார் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை கனவு உறக்கம் வருகிறது. அப்போது மூடிய இமைக்குள் விழிகள் அசையும். துடிப்பும் மூச்சும் ஏறி இறங்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கி, கிளைட்மன் ஆகிய இருவரும் இதை 1953-ல் வெளியிட்டனர். எனவே மூச்சு சற்றுநேரம் தாறுமாறாக இருப்பது மட்டுமே நோய் ஆகிவிடாது.

யாருக்கு எப்படி?

பச்சிளம் குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சு விடும். உறங்கும்போது அதன் இதயம் 90 முதல் 160 முறை துடிக்கும். 5 முதல் 10 விநாடி மூச்சு நின்று, பிறகு வேகமாகத் தொடர்வதும் முதல் மாதங்களில் இயல்பே. 20 விநாடிக்கு மேல் நின்றாலோ, உதடு நீலமானாலோ, உடல் துவண்டாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும். குழந்தையை எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

பெரியவர்கள் ஓய்வில் 12 முதல் 20 முறை மூச்சு விடுவார்கள். உறக்கத்தில் பலருக்குத் துடிப்பு 60-க்குக் கீழே போகும். நன்றாக உடற்பயிற்சி செய்பவர்களுக்கு 40-ஐத் தொடுவதும் உண்டு. கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் வழக்கத்தைவிட 10 முதல் 20 துடிப்பு கூடும். காய்ச்சலும் துடிப்பைக் கூட்டும். இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் குறைக்கும். சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு இரவிலும் இரத்த அழுத்தம் இறங்குவதில்லை. இது இதயத்துக்குச் சுமை.

நைட் ஷிப்ட் பார்ப்பவர்களின் நிலை வேறு. உடலின் கடிகாரம் பகலை விழிப்பு நேரமாகவே கருதுவதால், அவர்களின் பகல் உறக்கம் குறுகியதாகவும் லேசாகவும் இருக்கும். இதயத்துக்கும் முழு ஓய்வு கிடைப்பதில்லை.

ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பின்னிரவில் மூச்சுக்குழல்கள் சுருங்கி இருமலும் இளைப்பும் வரும். காற்று கெட்டால் முதலில் பாதிக்கப்படுவதும் இவர்களும் குழந்தைகளும் முதியவர்களும்தான். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது, உறங்கிக்கொண்டிருந்த பலர் மூச்சுத்திணறி எழுந்ததை வடசென்னை மறந்திருக்காது.

குறட்டையை அலட்சியம் செய்யலாமா?

வாப்பா சத்தமாகக் குறட்டை விட்டால், 'வேலை அலுப்பு, அசந்து தூங்குகிறார்' என்று விட்டுவிடுகிறோம். குறட்டை திடீரென நின்று, 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சே இல்லாமல், பிறகு திணறலோடு மூச்சு திரும்பினால் அது அலுப்பு அல்ல. உறக்க மூச்சுத்தடை நோயாக இருக்கலாம். ஒவ்வொரு தடையிலும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, இரத்த அழுத்தம் எகிறுகிறது. மணிக்கு 30 முறைக்கு மேல் இப்படி நேர்ந்தால் நோய் கடுமையானது. மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் அபாயம் கூடுகிறது. வண்டி ஓட்டும்போது கண் சொக்கினால் சாலையில் மற்றவர் உயிருக்கும் ஆபத்து.

பெண்களுக்குக் குறட்டை குறைவாக இருந்து, காலைத் தலைவலியும் தீராத களைப்பும் மட்டுமே தெரியலாம். குழந்தைகளுக்கு டான்சில், அடினாய்டு வீக்கமே பெரும்பாலும் காரணம். ஒல்லியானவர்களுக்கும் இந்நோய் வரும்.

நாம் செய்ய வேண்டியவை

உறங்குபவருக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது. பக்கத்தில் இருப்பவரே சாட்சி. நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். மூச்சு நிற்பதை மொபைலில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்மார்ட் வாட்ச் காட்டும் எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

பேசின் பிரிட்ஜுக்கு அருகில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையும், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் இருக்கின்றன. அங்கே நெஞ்சக நோய்ப் பிரிவில் காட்டி, உறக்கப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். எடைக் குறைப்பு, ஒருக்களித்துப் படுப்பது ஆகியவை பலருக்கு உதவும். மற்றவர்களுக்கு, காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி உண்டு. ரமளானில் சஹருக்கு எழுந்து மீண்டும் படுக்கும்போதும், பகலில் சற்றுநேரம் சாயும்போதும் அதை மாட்டிக்கொள்ள வேண்டும். தடை பகல் உறக்கத்திலும் வரும்.