மெடீவல் எங்கே போச்சு?

'மெடீவல்' என்று ஓர் ஆங்கில வார்த்தை. இடைக்காலத்து, மத்திய காலத்து என்று அர்த்தம். சரித்திரம் படிக்கிறவர்கள் தினப்படி புழங்குகிற சொல்தான். 2001-ம் வருஷம் இந்த வார்த்தைக்கு ஒரு விநோத வியாதி வந்தது. இன்டர்நெட்டில் ஆங்காங்கே அது 'மெடிரிவ்யூ' என்று மாற ஆரம்பித்தது. எந்த டிக்ஷனரியிலும் இல்லாத சொல். அர்த்தமும் கிடையாது.

எழுதியவர்கள் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். ஈ-மெயில் கிளம்பி, போய்ச் சேர்வதற்குள் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

யாரோ இல்லை. யாஹூ!

கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஈ-மெயிலுக்குள் ஜாவாஸ்க்ரிப்ட் என்கிற குட்டி புரோகிராமை ஒளித்துவைத்து அனுப்பி, படிப்பவரின் கணக்கையே திருடலாம் என்கிற பயம் அப்போது பரவியிருந்தது. நியாயமான பயம். அந்தப் புரோகிராம்களில் 'ஈவல்' என்றொரு கட்டளை வரும். ஆகவே யாஹூ ஒரு வடிகட்டி வைத்தது. அலங்காரங்களுடன் வருகிற ஹெச்.டி.எம்.எல். மெயில்களில் 'ஈவல்' என்று எங்கே கண்டாலும் தூக்கிவிட்டு 'ரிவ்யூ' என்று போடு. முடிந்தது வேலை.

முடியவில்லை. 'மெடீவல்' என்பதை இங்கிலீஷில் எழுதிப் பாருங்கள். கடைசி நாலு எழுத்து என்ன? அதேதான். 'இவேல்யுவேட்' என்று எழுதினால் 'ரிவ்யூவேட்' ஆனது. ஜாவாஸ்க்ரிப்ட்டுக்கு ஆரம்ப காலத்தில் 'மோச்சா' என்று ஒரு பெயர் உண்டு. எனவே மோச்சா என்று எழுதினால் 'எஸ்பிரெஸ்ஸோ' என்று போய்ச் சேரும். ஒரு காபி கேட்டால் இன்னொரு காபி. 2002 ஜூலையில் விஷயம் பத்திரிகைகளில் நாறிய பிறகுதான் பலருக்குத் தங்கள் கடிதத்தில் அடுத்தவர் கை பட்டிருப்பதே தெரிந்தது.

கணக்குப் புத்தகத்தில் ஒரு தொகையை மாற்றவேண்டுமென்றால் பழையதை ஒரே கோடு போட்டு அடித்துவிட்டு, புதியதை எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போடவேண்டும். யார் திருத்தியது, முன்பு என்ன இருந்தது எல்லாம் தெரியும். கம்ப்யூட்டரின் 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' கோடும் போடாது, கையெழுத்தும் போடாது. அதை எப்படிக் கட்டிப்போடுவது என்று அரை நூற்றாண்டுக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால் இந்த வித்தை, எழுத்தைப் பற்றி யோசித்தவர்களிடமிருந்து வரவில்லை. மூளையைப் பற்றி யோசித்தவர்களிடமிருந்து வந்தது.

வால்டர் பிட்ஸ். 1923-ல் டெட்ராய்ட்டில் பிறந்த ஏழைப் பையன். பன்னிரண்டு வயதில், துரத்திய போக்கிரிப் பையன்களிடமிருந்து தப்பிக்க ஒரு நூலகத்துக்குள் ஓடி ஒளிந்தான் என்பார்கள். அங்கே கைக்குக் கிடைத்தது பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் எழுதிய 'பிரின்சிபியா மேத்தமேட்டிகா'. கணிதப் பேராசிரியர்களே பயப்படுகிற புத்தகம். பையன் அதைப் படித்துவிட்டு, இன்னின்ன இடத்தில் தப்பு இருக்கிறது என்று ரஸ்ஸலுக்குக் கடிதமும் போட்டானாம். பதினைந்து வயதில் வீட்டை விட்டு ஓடி சிகாகோ வந்து சேர்ந்தான்.

அங்கே வாரன் மெக்கல்லக் என்கிற நரம்பியல் டாக்டரைச் சந்தித்தான். அவருக்கு வயது நாற்பதுக்கு மேல். இவனுக்கு இருபதுகூட ஆகவில்லை. தங்குவதற்கு ஒழுங்கான இடம் இல்லாதவனைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ராத்திரி ராத்திரியாக இரண்டு பேரும் பேசினார்கள். 1943-ல் அந்தப் பேச்சு ஓர் ஆய்வுக் கட்டுரை ஆனது. ஒரு நரம்பு செல் ஒன்று துடிக்கும், அல்லது சும்மா இருக்கும். ஆம், இல்லை. இப்படிப்பட்ட செல்களைக் கோத்தால் தர்க்கமே செய்யலாம் என்பது சாராம்சம். இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அதுதான் பாட்டன்.

பிட்ஸின் பிற்கால வாழ்க்கை சுகமில்லை. அவரைத் தகப்பன் மாதிரி தாங்கிய கணித மேதை நார்பெர்ட் வீனர், 1952-ல் திடீரென்று உறவை முறித்துக்கொண்டார். உடைந்துபோன பிட்ஸ், எழுதிவைத்த ஆராய்ச்சியையெல்லாம் தீயில் போட்டார். குடித்தார். 1969-ல் இறந்தபோது வயது 46.

அவர்கள் கட்டுரை மட்டும் வேறொருவர் கைக்குப் போயிருந்தது. 1951 கோடையில் ஸ்டீபன் க்ளீனி என்கிற கணித அறிஞர், கலிபோர்னியாவிலுள்ள ராண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்தார். இந்த நரம்பு வலையைக் கொஞ்சம் ஆராய்ந்து சொல்லுங்கள் என்றார்கள். எந்த மாதிரி சிக்னல் வரிசைகளை இந்த வலையால் அடையாளம் கண்டுகொள்ள முடியும்? பதிலை எழுத க்ளீனி ஒரு குறியீட்டு முறையை உருவாக்கினார். மூன்றே மூன்று சங்கதி. 'இதற்குப் பின் அது' வரலாம். 'இதுவோ அதுவோ' வரலாம். 'எத்தனை தடவை வேண்டுமானாலும்' வரலாம். மூன்றாவதற்கு ஒரு நட்சத்திரக் குறி போட்டார். இந்த நட்சத்திரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வம்பு செய்யப்போகிறது. அப்படி அடையாளம் காணக்கூடியவற்றுக்கு 'ரெகுலர்' என்று பெயர் வைத்துவிட்டு, யாராவது நல்ல பெயர் சொன்னால் வரவேற்கிறேன் என்றும் எழுதினார். ஒருவரும் சொல்லவில்லை. 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்கிற அர்த்தமில்லாத பெயரே நிலைத்துவிட்டது.

மூளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு இதை இழுத்து வந்தவர் கென் தாம்ஸன். பின்னாளில் யூனிக்ஸை உருவாக்கிய அதே தாம்ஸன்தான். பெல் லேப்ஸில் க்யூஈடி என்கிற எடிட்டரை ஐ.பி.எம். 7094 மெஷினுக்காகத் திருப்பி எழுதியபோது, க்ளீனியின் குறியீட்டை அதற்குள் வைத்தார். 1968-ல் அந்த வழிமுறையைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். அதுவரை எடிட்டரில் 'ராமன்' என்று கொடுத்தால் ராமனைத் தேடும். இப்போது 'ராமனோ ராகவனோ, அதற்குப் பின் எதுவோ, அதற்குப் பின் ஒரு நம்பர்' என்று உருவத்தைச் சொல்லித் தேடலாம்.

தேடுவதில் பிரச்னை இல்லை. தப்பாகத் தேடினால் தப்பான வரி கண்ணில் படும், அவ்வளவுதான். மாற்றுவதுதான் வில்லங்கம்.

யூனிக்ஸுக்காகத் தாம்ஸன் செய்த 'ஈடி' எடிட்டரைப் பாருங்கள். மாற்றுகிற கட்டளைக்கு ஒற்றை எழுத்து: 'எஸ்'. சும்மா கொடுத்தால் ஒரு வரியில் முதலாவதாக அகப்படுவதை மட்டும் மாற்றும். வரி முழுக்க மாற்றவேண்டுமென்றால் கடைசியில் 'ஜி' போடவேண்டும். குளோபல்! அதாவது, எல்லாவற்றையும் அடி என்று வாயைத் திறந்து கேட்டால்தான் அடிக்கும். மாற்றும் வார்த்தைக்குள் & போட்டால் 'எதைக் கண்டுபிடித்தாயோ அதையே இங்கே வை' என்று பொருள். வசதிதான். ஆனால் 'பிரதர்ஸ்' என்பதை '& சன்ஸ்' என்று மாற்றச் சொன்ன அப்பாவிக்கு 'பிரதர்ஸ் சன்ஸ்' என்று கிடைக்கும். அதைத் தடுக்க முன்னால் ஒரு சாய்கோடு போடவேண்டும். ஒவ்வொரு வசதிக்கும் ஒரு பிரேக். இந்தச் சரித்திரம் பூராவும் இப்படித்தான்.

பெல் லேப்ஸில் லீ மக்மஹான் என்றொருவருக்கு 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகளை ஆராயும் ஆசை. 1787-88-ல் அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு ஆதரவாக ஹாமில்டனும் மாடிஸனும் ஜான் ஜேயும் ஒரே புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகள். அதில் ஒரு டஜன் யாருடையது என்று தகராறு. வார்த்தைகளைத் தேடி எண்ணினால் ஆளைப் பிடித்துவிடலாம். ஆனால் மொத்தத்தையும் ஏற்ற ஈடி-க்கு மெமரி போதவில்லை. தாம்ஸன், தேடுகிற பாகத்தை மட்டும் பிய்த்தெடுத்துத் தனி புரோகிராமாகக் கொடுத்தார். ஒரே ராத்திரியில் கொடுத்தார் என்பது அந்த வட்டாரத்துக் கதை. அதுதான் 1973-ல் யூனிக்ஸோடு வெளிவந்த 'கிரெப்'. பின்னாலேயே மக்மஹான், ஃபைலைத் திறக்காமலே உள்ளே பூந்து மாற்றிவிட்டு வரும் 'செட்' எழுதினார். திறக்காமலே! மனிதக் கண் பார்க்காமல் ஆயிரக்கணக்கான இடங்களில் மாற்றம் செய்வது இங்கேதான் சர்வ சாதாரணமாகிறது.

இதற்கு நேர் எதிர் குணம் கொண்டவர் பில் ஜாய். 1970-களில் பெர்க்லியில் அவர் எழுதிய 'எக்ஸ்' எடிட்டரில் கட்டளையின் கடைசியில் 'சி' என்று போட்டால், ஒவ்வொரு இடமாகக் காட்டி 'மாத்தட்டுமா?' என்று கேட்கும்.

அப்புறம் லைப்ரரிகளின் காலம். அதாவது, ஆளாளுக்குப் புதிதாக எழுதாமல் எடுத்து ஒட்டிக்கொள்ளும் ரெடிமேட் பாகங்கள். டொரண்டோ பல்கலைக்கழகத்தின் ஹென்றி ஸ்பென்ஸர், ஏ.டி. அண்ட் டி.யின் லைசென்ஸ் தொல்லை இல்லாமல் சொந்தமாக ஒன்றை எழுதி 1986-ல் ஊருக்கே இலவசமாகக் கொடுத்தார். அதில் தேட ஒரு பாகம், மாற்றத் தனியாக இன்னொன்று. மாற்றும் பாகம் ஒரே ஓர் இடத்துக்கான மாற்று வார்த்தையைத்தான் தயாரித்துத் தரும். எத்தனை இடத்தில் செய்வது என்பது உங்கள் பாடு. அதை எடுத்துத் தன் 'பெர்ல்' மொழிக்குள் வைத்தார் லாரி வால். மொழியியல் படித்துவிட்டு, எழுத்தே இல்லாத ஏதாவதொரு மொழிக்கு எழுத்து உண்டாக்கப் போவதாக இருந்த மனுஷன். உடம்பு ஒத்துழைக்காததால் கம்ப்யூட்டர் பக்கம் வந்தார்.

க்ளீனியின் நட்சத்திரம் வம்பு செய்தது என்றேனே, அதற்கு மருந்து கண்டது இவருடைய பெர்ல்தான். 'எத்தனை தடவை வேண்டுமானாலும்' என்று சொன்னால், அந்த நட்சத்திரம் கிடைத்த மட்டும் விழுங்கும். ஒரு வரியில் மூன்று அடைப்புக்குறிகள் இருக்கின்றன. அடைப்பு ஆரம்பித்து முடிகிற வரைக்கும் அழி என்கிறீர்கள். அது என்ன செய்யும்? முதல் அடைப்பின் ஆரம்பத்தில் தொடங்கி, மூன்றாவது அடைப்பின் முடிவு வரை, நடுவிலிருக்கும் அத்தனை வாக்கியத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். 'பேராசை' என்றே இதற்குப் பெயர். நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டால் அடங்கி, முதல் முடிவோடு நின்றுகொள்ளும். இந்தக் கேள்விக்குறி 1994-ல் பெர்ல் ஐந்தாம் பதிப்பில் பிரபலமானது.

பெர்ல் பாணியை எல்லோருக்கும் பொதுவாக்கியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் ஹேஸல். எக்ஸிம் என்று ஒரு ஈ-மெயில் புரோகிராம் எழுதினார். அதற்குத் தேவைப்பட்டதால் 1997-ல் பி.சி.ஆர்.ஈ. என்கிற லைப்ரரியை எழுதினார். பி.ஹெச்.பி., அப்பாச்சி என்று இன்டர்நெட்டின் பாதி வீட்டுக்குள் அது போய் உட்கார்ந்தது.

இவ்வளவு பிரேக் இருந்தும் யாஹூவில் ஏன் அப்படி ஆச்சு? இருந்ததைப் போடவில்லை. 'முழு வார்த்தையாக இருந்தால் மட்டும்' என்று சொல்ல, வார்த்தை எல்லைக்கென்றே குறி இருக்கிறது. அதைப் போட்டிருந்தால் மெடீவல் பிழைத்திருக்கும். 2012-ல் ஒரு பதிப்பாளர் டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலை அமேசானின் 'கிண்டில்' கருவியிலிருந்து போட்டிக் கருவியான 'நூக்'குக்கு மாற்றினார். கிண்டில் என்ற பெயர் வந்த இடமெல்லாம் நூக். இங்கிலீஷில் கிண்டில் என்றால் தீ மூட்டுவது. எனவே நாவலில் மூட்டிய விளக்கெல்லாம் 'நூக்'கப்பட்டது. டால்ஸ்டாய்க்கே புரியாத வினைச்சொல்.

ஆனால் எல்லைக் குறியும் காப்பாற்றாத இடம் உண்டு. 2008 ஜூன். அமெரிக்காவில் ஒலிம்பிக் தேர்வுப் போட்டி. நூறு மீட்டரில் டைசன் கே பிரமாதமாக ஓடுகிறார். ஒரு மதப் பழைமைவாத அமைப்பின் செய்தித் தளத்தில், 'கே' என்கிற சொல் பிடிக்காமல் அது வந்த இடமெல்லாம் 'ஹோமோசெக்ஸுவல்' என்று தானாக மாற ஏற்பாடு. நூறு மீட்டரில் ஜெயித்தவர் டைசன் ஹோமோசெக்ஸுவல் என்று செய்தி வந்துவிட்டது. இங்கே 'கே' முழு வார்த்தைதான். எல்லையெல்லாம் கச்சிதம். அது ஒரு மனிதனின் குடும்பப் பெயர் என்பது மட்டும்தான் மெஷினுக்குத் தெரியாது.

தமிழுக்கு வந்தால் இன்னும் தமாஷ். 'கல்' என்பதை 'செங்கல்' ஆக்கச் சொன்னால் கல்வி 'செங்கல்வி' ஆகும், பகல் 'பசெங்கல்' ஆகும். சரி, எல்லைக் குறி போடலாமே? போடலாம். பைத்தான் மொழியோடு கூடவே வரும் லைப்ரரியில் போட்டுப் பாருங்கள். அதன் கணக்கில் 'க', 'ல' எழுத்து. மேலே இருக்கும் புள்ளி எழுத்தில்லை. அதனால் 'கல்' தனியாக நிற்கும்போது, புள்ளிக்கும் இடைவெளிக்கும் நடுவே எல்லையே இல்லை என்று தாண்டிப் போய்விடும். கல்வியிலோ புள்ளி முடிந்து 'வ' ஆரம்பிக்கிறதல்லவா, ஆஹா எல்லை என்று பிடித்துக்கொள்ளும். விளைவு: கல்லை விட்டுவிட்டுக் கல்வியை மாற்றும். எதைத் தடுக்கக் குறி போட்டோமோ அதை மட்டும் குறி தவறாமல் செய்யும்!

ஃபிலிப் ஹேஸல் 2007-ல் ரிட்டயர் ஆனார். லைப்ரரியை விடவில்லை. 2015-ல் பி.சி.ஆர்.ஈ. இரண்டாவது அவதாரம் எடுத்தது. தேடுவதற்கு மட்டுமே பிறந்த அந்த சி மொழி லைப்ரரிக்குள் மாற்றும் வேலையும் வந்து சேர்ந்தது. அதிலும் தாம்ஸன் வழக்கம்தான். கேட்காவிட்டால் முதலாவதை மட்டும் மாற்றும், எல்லாவற்றையும் மாற்ற 'குளோபல்' என்று தனியாகச் சொல்லவேண்டும். 2019 நவம்பரில் இன்னொன்றையும் சேர்த்தார்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் செய்வதற்கு முன்னால், அதை வேலை வாங்குகிற புரோகிராமைக் கூப்பிட்டு, 'இதை எடுத்துவிட்டு இதை வைக்கப்போகிறேன்' என்று காட்டும். பூஜ்யம் என்று பதில் வந்தால் மாற்றிவிடும். பூஜ்யத்துக்கு மேலே ஒரு எண் வந்தால் இந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். கீழே வந்தால் அத்தோடு மாற்றுவதையே நிறுத்திக்கொள்ளும்.