கல்வாழை

கல்வாழை ஈரத்தை விரும்பும் பூச்செடி. தாவரவியற் பெயர் கன்னா இன்டிகா. சிங்களத்தில் புத்சரண என்பர். பெயரில் ‘இன்டிகா’ இருந்தாலும் இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. வாழை, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றுக்கு உறவான செடி. இலையைப் பார்த்தாலே அந்த உறவு தெரியும். தமிழகத்து மலைப்பகுதிகளில் கல்வாழை என்று காட்டு வாழையினம் ஒன்றையும் சொல்வதுண்டு, அது வேறு.

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கிழக்கில் கடலும் மேற்கில் வாவியும் நெருங்கி நிற்கும் மணல்திட்டில் இருக்கிறது நாவற்குடா. ஊற்றிய தண்ணீர் கண்மூடித் திறப்பதற்குள் கீழே இறங்கிவிடும் மண். அங்கே ஈரம் கேட்கும் செடிக்கு இடமேது என்று தோன்றலாம். ஒவ்வொரு வளவிலும் ஓர் இடம் உண்டு: கிணற்றடி. குளிக்கவும் துணி தோய்க்கவும் இறைத்த தண்ணீர் நாள்தோறும் வழிந்தோடும் இடத்தில் கல்வாழை தானாகவே தழைக்கும். அதற்கென்று ஒரு வாளி தண்ணீர்கூடத் தனியே இறைக்கத் தேவையில்லை.

ஆனால் கிணற்றுக் கட்டோடு ஒட்டி நடுவது தவறு. மணலில் இறங்கும் அழுக்குநீர் அதே கிணற்றுக்குத் திரும்பிவிடும். சீமெந்துத் தளத்திலிருந்து சிறு வாய்க்கால் வெட்டி, நீரைக் கிணற்றிலிருந்து தள்ளிக் கொண்டுபோய், வாய்க்கால் முடியும் இடத்தில் பாத்தி கட்டுவதே சரி. கழிவுநீரை வடிகட்டும் செயற்கைச் சதுப்புப் படுகைகளில் பல நாடுகள் கல்வாழையை நடுகின்றன; அதன் அடர்ந்த வேர்கள் நீரிலுள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் உறிஞ்சிக்கொள்கின்றன. சவர்க்கார நீர் அளவாக வந்தால் கெடுதியில்லை. வெளுப்புத்தூள் கலந்த நீரை மட்டும் வேறுபக்கம் திருப்பவேண்டும்.

மட்டக்களப்பில் பெருமழை கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில். அதற்குச் சற்று முன், ஒக்டோபரில் நடுவது நல்லது. ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, அடியில் பொச்சுமட்டைகளை உட்புறம் மேல்நோக்க அடுக்கவேண்டும். மணலில் தண்ணீரைப் பிடித்துவைக்க இதைவிட மலிவான வழி இல்லை. அதன்மேல் மாட்டெருவும் கூட்டெருவும் கலந்த மண்ணை நிரப்பி, இரண்டு மூன்று முளைக்கண் உள்ள கிழங்குத் துண்டை நாலு விரற்கடை ஆழத்தில் கிடையாகப் புதைக்கலாம். செடிக்குச் செடி ஒன்றரை அடி முதல் இரண்டடி இடைவெளி வேண்டும். வெயில் நன்றாக விழவேண்டும். தென்னை நிழலில் இலை பெருகும், பூ குறையும்.

சோதனைக் காலம் கச்சான் வீசும் மாதங்கள். மே முதல் ஓகஸ்ட் வரை அந்த வறண்ட காற்று இலையைக் கீறிக் கிழித்து ஓரங்களைக் கருக்கிவிடும். காய்ந்த வாழைச்சருகை அடியில் தடிப்பாகப் பரப்பி, மாலையில் நீர் விட்டால் கிழங்கு தப்பும். இலையோரம் கருகுவதற்கு உப்பும் காரணமாகலாம். இத்திட்டில் நன்னீர் உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. மோட்டரை நெடுநேரம் ஓடவிட்டால் கீழிருக்கும் உப்பு மேலேறும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இக்கரையோரக் கிணறுகளுக்குள் கடல்நீர் புகுந்ததை ஊரார் மறக்கவில்லை. கல்வாழை உப்பை அதிகம் தாங்காது.

பூவைக் கையிலெடுத்துப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கும். சிவப்பாகவும் மஞ்சளாகவும் விரிந்து நிற்பவை இதழ்களல்ல, உருமாறிய மகரந்தத்தாள்கள். உண்மையான இதழ்கள் மூன்றும் கீழே ஒடுங்கிக் கிடக்கும். மகரந்தம் தருவது ஒரேயொரு தாளின் ஒரு பாதி மட்டுமே. அதனால் இப்பூவை எப்படி வெட்டினாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வராது. இன்று தோட்டங்களில் நிற்கும் பெரிய பூ வகைகள் பெரும்பாலும் கலப்பினங்கள். அந்தக் கலப்புப் பணியை 1840களில் பிரான்சில் தெயோடோர் அன்னே தொடக்கிவைத்தார்.

முள்முள்ளான காய்க்குள் கறுத்த விதைகள் இருக்கும். மாலை கோக்கவும் கிலுகிலுப்பையில் போடவும் உதவும் அளவுக்குக் கடினமானவை. ஆர்ஜென்டினாவின் சாந்தா ரோசா தே தாஸ்தில் தொல்லிடத்தில், கிலுகிலுப்பை ஒன்றுக்குள் கிடந்த ஏறத்தாழ 600 ஆண்டுப் பழைய விதை முளைத்திருக்கிறது. வீட்டில் விதைப்பவர்கள் விதையின் ஓட்டை அரத்தாற் சற்றுத் தேய்த்து, ஒரு நாள் நீரில் ஊறவைக்கவேண்டும்.

கிழங்கு உணவாகும். வியட்நாமில் இதன் மாவிலிருந்து கண்ணாடிபோன்ற நூடில்ஸ் செய்கிறார்கள். ஆண்டிஸ் மலை மக்கள் கிழங்கைச் சுட்டு உண்பர்.

மழைக்காலத்தில் ஆபிரிக்கப் பெருநத்தைகள் குருத்தைத் தின்னும். இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்கி உப்புநீர் வாளியில் போடுவதே உறுதியான வழி, வெறுங்கையால் தொடக்கூடாது. இலையில் மஞ்சள் கோடுகள் ஓடினால் அது வைரசு நோய். மருந்து கிடையாது, கிழங்கோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். பாத்தியில் நீர் தேங்கி நின்றால் நுளம்பு பெருகும். மண் ஈரமாயிருந்தால் போதும்.

பூத்து முடிந்த தண்டு மறுபடி பூக்காது. அதை அடியோடு அறுத்தால் பக்கக் கன்று எழும்பும். இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை குத்தைத் தோண்டிப் பிரித்து, மிஞ்சும் நல்ல கிழங்குகளை மழைக்கு முன்பே அயல்வளவுக்குக் கொடுத்துவிடுங்கள்.