தராசும் தட்டும்

1907 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் சுமார் 40 பேருக்குப் பள்ளி நாட்களில் காலையும் மதியமும் சாப்பாடு போட்டார்கள். காலையில் பாலும் பாகும் ஊற்றிய ஓட்ஸ் கஞ்சி, ரொட்டி. மதியம் சூடான சமையல். பள்ளி மருத்துவர் ரால்ஃப் குரோலி அவர்களைத் தொடர்ந்து நிறுத்துப் பார்த்து எழுதிவைத்தார். எடை ஏறியது. நடுவில் விடுமுறை வந்தது, இறங்கியது. பள்ளி திறந்ததும் மறுபடி ஏறியது.

பிராட்ஃபோர்டு கம்பளி ஆலைகளின் ஊர். அரை நாள் ஆலையிலும் அரை நாள் வகுப்பிலுமாகப் பிள்ளைகள் வளர்ந்த காலம் அது. வெறும் வயிற்றில் இருப்பவனுக்குப் பாடம் ஏறாது என்று மார்கரெட் மெக்மில்லன் அங்கே ஆண்டுக்கணக்கில் போராடினார். அந்த ஊர் உறுப்பினர் ஃபிரெட் ஜோவெட் நாடாளுமன்றத்தில் வாதாடினார். ஆனால் லண்டனின் மனம் இளகியதற்குக் கருணை மட்டும் காரணமில்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுக்கப் போனபோது, வந்த இளைஞர்களில் ஏராளமானோர் சோனியாய் நின்றார்கள். பேரரசுக்கே கவலை பிடித்தது. 1906இல் சட்டம் வந்தது: நகராட்சிகள் விரும்பினால் பள்ளியில் சோறு போடலாம். 1944இல் அந்த ‘விரும்பினால்’ போய், கடமை ஆனது.

அதன் பிறகு மூன்று தலைமுறை ஆங்கிலேயர்கள், குழைய வெந்த முட்டைக்கோஸையும் கஸ்டர்டையும் வாழ்நாள் முழுக்கத் திட்டிக்கொண்டே, அதைத் தின்று வளர்ந்தார்கள். ருசி எப்படியிருந்தாலும், தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் இருந்தது.

1971இல் கல்வி அமைச்சராக இருந்த மார்கரெட் தாட்சர் ஏழு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு இலவசப் பாலை நிறுத்தி, ‘பால் பறித்தவர்’ என்று பெயர் வாங்கினார். அதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கேடு அதிகம் செய்தது 1980ஆம் ஆண்டுச் சட்டம்தான். அது பலருக்கு ஞாபகமில்லை. அவருடைய அரசு கொண்டுவந்த அந்தச் சட்டம் சத்துணவு அளவுகோல்களை ரத்து செய்தது. இலவச உணவுக்குத் தகுதி பெற்றவர்களைத் தவிர மற்றவர்களுக்குச் சமைக்கும் கடமையையும் நீக்கியது. அடுத்துக் குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம் என்ற முறை வந்தது. அப்புறம் நடந்ததை ஊகிப்பது கடினமில்லை. சமைக்கும் இடம் சூடாக்கும் இடமானது. வறுத்த உருளைக்கிழங்கும், வான்கோழி இறைச்சியை அரைத்து முறுக்கிய ‘ட்விஸ்லர்’ என்ற பண்டமும் தட்டில் ஏறின. அளவுகோல்கள் திரும்ப வர 2001 ஆயிற்று. 2005இல் சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர் தொலைக்காட்சியில் இதை அம்பலப்படுத்தியபோது, ஒரு பிள்ளையின் மதியச் சாப்பாட்டுக்கான பொருட்களுக்கு ஒதுக்கிய காசு 37 பென்ஸ்.

நாடு கொதித்தது, கடுமையான விதிகள் வந்தன. 2006இல் தெற்கு யார்க்‌ஷயரின் ராமார்ஷ் என்ற ஊரில் இரண்டு தாய்மார்கள், புதுச் சாப்பாடு பிடிக்கவில்லை என்ற பிள்ளைகளுக்குப் பள்ளி வேலி வழியாகச் சிப்ஸும் பர்கரும் கொடுத்தார்கள். பத்திரிகைகள் அவர்களைக் கிழித்தெடுத்தன. அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதை எத்தனை பேர் கவனித்தார்களோ! சுரங்கமும் எஃகு ஆலையும் சோறு போட்ட வட்டாரம் அது. இரண்டும் நொடித்துப்போய் ஆண்டுகள் ஆகியிருந்தன. கையில் எண்ணி வைத்த காசோடு கடைக்குப் போகும் அம்மா, பிள்ளை தொடாமல் ஒதுக்கக்கூடிய காய்கறியை வாங்கிச் சோதித்துப் பார்க்க மாட்டாள். வயிறு நிச்சயம் நிறையும் பண்டத்தைத்தான் வாங்குவாள்.

இதே காலத்தில் தராசும் திரும்பி வந்தது. 2005-06 முதல் இங்கிலாந்து அரசு 4-5 வயதிலும் 10-11 வயதிலும் பள்ளிப் பிள்ளைகளை நிறுத்துப் பார்க்கிறது. குரோலி தேடியது மெலிவை. இப்போது தேடுவது பருமனை. தெரு மட்டும் மாறவில்லை. 2022-23 கணக்குப்படி, 10-11 வயதினரில் மிக வறிய பகுதிகளில் 30.2 விழுக்காட்டினருக்கு உடல் பருமன். மிக வசதியான பகுதிகளில் 13.1. ஒரு காலத்தில் ஏழைப் பிள்ளையை விலா எலும்பை வைத்து அடையாளம் கண்டார்கள், இன்று இடுப்பை வைத்து.

பசியும் போய்விடவில்லை. 2020 ஜூனில் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டு, கோடை விடுமுறையில் இலவச உணவுப் பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டுக் கடிதம் எழுதினார். முதலில் மறுத்த அரசு பணிந்தது: சுமார் 13 லட்சம் பிள்ளைகளுக்கு வாரம் 15 பவுண்டு உணவுச் சீட்டு. விடுமுறையில் எடை இறங்கும் என்று குரோலி எழுதிவைத்து அப்போது 113 ஆண்டுகள் ஆகியிருந்தன.